அவர் கேட்டு வாங்கிய மடக்குக் கத்தி

இது நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. தை பிறந்தும் குளிர் விடாத ஒரு காலை. கிருஷ்ணகிரியிலிருந்து குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். ஆடு, மாடு வாங்க இல்லை. கத்தி பார்க்க.

இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கத்தி சேகரிப்பதில் பைத்தியம். சமையல் கத்தியோ அரிவாளோ இல்லை. சட்டைப்பையில் அடங்குகிற மடக்குக் கத்திகளும், உறையில் செருகி வைக்கிற விரல் நீளச் சின்னக் கத்திகளும்தான். எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்கு ஓசூரில் வேலை. எனக்குப் போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. இருவருக்கும் பொதுவாகக் கிருஷ்ணகிரியில் வீடு பிடித்தோம். வேலையில் நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிப்பேன். கம்பெனி கொடுக்கிற பிளாஸ்டிக் கட்டரைத் தொட்டுத் தொட்டு வெறுத்துப்போய், ஒருமுறை பெங்களூரு போனபோது நடைபாதைக் கடையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். திறந்து கடைசி வரை கொண்டுபோனால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. அங்கே ஆரம்பித்தது.

தினமும் ஒரு கத்தி என்னோடு வரும். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அவருக்கு நான் ‘கத்தி மேடம்’. தற்காப்புக்கா என்று கேட்காத ஆள் இல்லை. இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். பழம் நறுக்க, நூல் வெட்ட, பார்சல் பிரிக்க என்று ஏதாவது சொல்வேன். உண்மையில் எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. பையில் அது இருக்கிறது என்று விரல் தொட்டுத் தெரிந்துகொண்டால் ஒரு நிம்மதி. அவ்வளவுதான்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இன்று பையில் என்ன என்று காலையில் படம் எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கு நானும் போட்டேன். சாவி, பேனா, கைக்குட்டை, ஒரு மடக்குக் கத்தி. என்னிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான். கருங்காலிப் பிடி. அலகின் முனை கூராக இருக்காது, ஆட்டுக் குளம்பு மாதிரி வளைந்து இறங்கும். குத்த உதவாது, அறுக்க மட்டும்தான். முந்தைய நாள் சாயங்காலம் கல்லில் தீட்டி, பழைய பெல்ட்டில் இழுத்து, நகத்தில் வைத்துப் பார்த்திருந்தேன்.

சந்தை நாளில் குந்தாரப்பள்ளியை நெருங்கும்போதே சர்வீஸ் ரோடு நெரிசலாகிவிடும். மினி லாரிகள், ஆடு ஏற்றிய ஆட்டோக்கள், நடுவில் கயிற்றில் மாட்டை இழுத்துக்கொண்டு நடக்கிறவர்கள். எல்லாரும் ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் ஒரு பைக்கில் கணவனும் மனைவியும். அந்த அக்காவுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒருபக்கமாக உட்கார்ந்து, குளிருக்குக் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். ஒரு முனை பின்னால் தொங்கியது. ஹாரன் அடித்துச் சொல்லலாம் என்று கையைக் கொண்டுபோவதற்குள் அது பின் சக்கரத்துக்குள் போய்விட்டது.

அவர் பின்னால் இழுக்கப்பட்டு விழுந்ததும் பைக் சாய்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. வண்டி மெதுவாகப் போனதுதான் முதல் அதிர்ஷ்டம். ஆனால் சால்வை செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டு, மறுமுனை அவர் கழுத்தை இறுக்கிவிட்டது.

கூட்டம் சேர நேரமே ஆகவில்லை. ஒருவர் சால்வையை இழுத்தார், அது இன்னும் இறுகியது. இன்னொருவர் சக்கரத்தைப் பின்னால் சுற்றப் பார்த்தார், சுற்றவில்லை. கணவர் தெலுங்கில் கத்திக்கொண்டே வெறும் கையால் துணியைக் கிழிக்க முயன்றார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நடுவில் யாரோ கத்தி, கத்தி என்றார்கள். அந்த ஒரு சொல் அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

என் கை தானாகப் பைக்குள் போயிற்று. கத்தியைத் திறந்துகொண்டு குனிந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஒரு பெண் திறந்த கத்தியோடு கழுத்துப் பக்கம் குனிந்தால் அவர்தான் என்ன செய்வார்?

“விடுங்கண்ணே, துணியத்தான் அறுக்கப் போறேன். தலையப் பிடிச்சுக்கோங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், கையை விட்டார். தலையைப் பிடித்துக்கொண்டார். முன்கழுத்தில் நகம் நுழையக்கூட இடமில்லை. பின்னால் கொண்டைக்குக் கீழே கொஞ்சம் தளர்வு இருந்தது. என் விரலைக் கொடுத்து, விரலை ஒட்டி அலகின் முதுகுப் பக்கத்தை உள்ளே செலுத்தி, வெளிப்பக்கமாக அறுத்தேன். கம்பளி சீக்கிரம் அறுபடவில்லை. ஒவ்வொரு இழையாக விட்டது. கடைசி இழை விட்டதும் அவர் இழுத்த மூச்சின் சத்தம் அவ்வளவு கூட்டத்திலும் தனியாகக் கேட்டது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எங்களைச் சுற்றிலும் செல்போன்கள். உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார்கள்.

அந்த அக்கா வேண்டாம் என்று கையாட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அப்படியே விட்டுவிட்டுச் சந்தைக்குப் போக மனம் வரவில்லை.

கிருஷ்ணகிரியில் டாக்டர் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தொண்டை வீங்கியிருக்கிறது, சில நாள் பேசக் கூடாது என்றார். ஊசி போட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கணவர் என்னைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மருந்து வாங்கப் போனார். நானும் அந்த அக்காவும் மட்டும்தான். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. என் போனில் குழுவில் யாரோ அந்தக் கருங்காலிப் பிடியைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். இந்தக் கத்தி இன்றைக்கு என்ன செய்தது தெரியுமா என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.

அந்த அக்கா என் முழங்கையைத் தொட்டார். கிசுகிசுப்பாக, காற்றாகத்தான் குரல் வந்தது.

“அந்தக் கத்தியக் குடு.”

பார்க்கத்தான் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். மடக்கியே இருந்தது. திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“எனக்கு வேணும்.”

எனக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று கையசைத்தார். இல்லை, சொல்ல விருப்பமில்லையோ, தெரியவில்லை. என் மனது எங்கெங்கோ போயிற்று. வீட்டில் பிரச்சினையா, வீட்டுக்காரர் அடிப்பாரா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. நீங்களாக எதுவும் செய்துகொள்ள மாட்டீர்களே என்று கேட்டேன். தன் தலைமேல் கை வைத்துக் காட்டினார். சத்தியமாக இல்லை என்று அர்த்தம்.

அப்படியென்றால் எதற்கு? காய் நறுக்கவா? ஞாபகத்துக்கா? உயிரைக் காத்த பொருள் என்று சாமி படத்துக்கு முன்னால் வைக்கவா? எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். கண்ணை மட்டும் என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. சற்று முன் செத்துப் பிழைத்த ஒருவரிடம் கத்தியைத் திருப்பிக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கொடுப்பது சரியா என்றும் தெரியவில்லை.

அதற்குள் கணவர் மருந்துப் பையோடு வருவது தெரிந்தது. அந்த அக்கா சட்டென்று கத்தியை இடுப்பில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டார். கணவர் ஏற்கெனவே நர்ஸிடம் சொன்ன ஊர்ப் பெயர் மட்டும் என் காதில் விழுந்திருந்தது. வேப்பனப்பள்ளி போகிற வழியில் உள்ள ஒரு சின்ன ஊர். ஆட்டோ ஏறும்போது அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றியா, மன்னிப்பா, எச்சரிக்கையா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். முதலில் பெருமைப்பட்டார். கத்தி எங்கே என்றார். நடந்ததைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

“கத்தியக் குடுத்தது பெருசில்ல. வீட்டுக்காரர் கண்ணுல படாம மறைச்சாங்கன்னு சொல்ற பாரு, அதுதான் எனக்கு உதைக்குது.”

அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. பேப்பர் வந்தால் முதலில் எங்கள் மாவட்டப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். வேப்பனப்பள்ளி என்று எழுத்தைப் பார்த்தால் செய்தியை ஒரு வரி விடாமல் படிப்பேன். யானை வந்த செய்தியாக இருக்கும், இல்லையென்றால் ரோடு போடுகிற செய்தியாக இருக்கும். குழுவுக்கு நான் தட்டச்சு செய்தது பாதியிலேயே நின்றது. அந்தக் கத்தி இல்லாமல் எப்படிப் படம் போடுவது? ஒரு உயிரைக் காப்பாற்றிய சந்தோஷம் வர வேண்டிய இடத்தில், ஒரு குற்றத்துக்கு ஆயுதம் கொடுத்துவிட்டேனோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நேரம் அந்த அக்காமேல் இரக்கம், இன்னொரு நேரம் கோபம். என் நல்ல கத்தி போயிற்றே என்கிற அற்பமான வருத்தமும் நடுவில் வரும். அதற்கு வெட்கப்படுவேன்.

மாமரங்களில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற நேரம். இனி தாங்காது என்று ஒரு விடுமுறை நாளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம்.

அந்த ஊர் முக்கில் ஒரு டீக்கடை. சந்தைக்குப் போகும்போது சால்வை மாட்டிக்கொண்ட அக்கா வீடு எது என்று கேட்டேன். கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உடனே வழி சொல்லவில்லை. அந்த அக்கா எப்படி விழுந்தார், எப்படிக் கிடந்தார் என்று கையையும் கண்ணையும் வைத்து நடித்துக் காட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. பலமுறை பார்த்துப் பழகிய வேடிக்கைக்குச் சிரிப்பது போல. பிறகு போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு, இதில் கத்தி வைத்திருப்பது நீங்களா என்று கேட்டார். கொஞ்சம்தான் பார்த்தேன். அதற்குமேல் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். அங்கே நடந்தபோது பார்க்க முடிந்த எனக்கு, போனில் பார்க்க முடியவில்லை. அது ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை.

வீட்டில் அந்த அக்காவின் கணவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். நாற்காலி போட்டார்.

“நல்லா இருக்குதுங்க மேடம். தொண்டதான் இன்னும் கரகரன்னு இருக்குது. வண்டியில மட்டும் ஏற மாட்டேங்கறா” என்றார். மகள் மோர் கொண்டுவந்தாள். கத்தியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது என்று புரிந்துகொண்டேன்.

அந்த அக்கா பின்னால் தக்காளித் தோட்டத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. பயம் இல்லை, எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து நின்றது போல. கூடையைக் கீழே வைத்துவிட்டு, வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். தோட்டத்தின் கோடியில் ஒரு பாழுங்கிணறு. சுற்றிலும் முள். அதன் பக்கத்தில் நின்றார்.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கத்தி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

கிணற்றைக் காட்டினார். “இதுலதான் போட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே.”

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அது எவ்வளவு நல்ல கத்தி என்று அவருக்குத் தெரியுமா? அந்த எஃகு தண்ணீர் பட்டால் இரவோடு இரவாகத் துருப்பிடிக்கும். எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் குடமும் தவிர எதுவும் தெரியவில்லை. தூக்கிப் போடத்தான் கேட்டீர்களா அக்கா என்றேன்.

அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் இடையிடையே உடைந்தது.

“அது உன் கையில இருந்தா, எடுக்கறப்பல்லாம் நான் ரோட்டுல கெடந்ததுதான் உனக்குக் கண்ணுல வரும். வூட்டுக்கு வர்றவங்களுக்கு எடுத்துக் காட்டுவ. இதுலதான் ஒரு பொம்பளையக் காப்பாத்துனேன்னு சொல்லுவ. அவ எப்படிக் கெடந்தான்னும் சொல்லுவ. சொல்லுவ தானே?”

இல்லை என்று சொல்ல முடியாது. என்னிடம் இருக்கிற ஒவ்வொரு கத்திக்கும் ஒரு கதை உண்டு. வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் நான் கத்தி டப்பாவை மூடியதே இல்லை. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் எதைத் தட்டச்சு செய்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்த மாதிரிதான் பேசினார்.

வீடியோ எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே அக்கா, அவர்களை விட்டுவிட்டு என்னிடம் ஏன் என்று கேட்டேன். குறையாகத்தான் கேட்டேன்.

“அவங்க யாருன்னு எனக்குத் தெரியுமா? தெரிஞ்சாலும் போய்க் கேக்க முடியுமா? இங்க என் கொழுந்தன் பையனே போன்ல வச்சிக்கினு இருக்கறான். அழின்னா சிரிக்கறான்.” மூச்சு வாங்கினார். “நீ ஒருத்திதான் பக்கத்துல உக்காந்திருந்த. கேட்டா குடுக்கற ஆளு மாதிரி தெரிஞ்ச. உன்கிட்ட இருந்ததத்தான் என்னால கேட்டு வாங்க முடிஞ்சது.”

கணவருக்குத் தெரியாமல் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவரிடம் சொல்லியிருந்தால் கத்திக்கு மஞ்சள் பூசிப் பூஜையில் வைத்திருப்பார், தினமும் விளக்கேற்றும்போது அதன் முகத்தில்தான் விழித்திருக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது.

அவர் எவ்வளவோ சொல்லியும் சாப்பிடாமல்தான் கிளம்பினேன். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு கூடைத் தக்காளியை வைத்துக் கட்டினார். கட்டும்போது என் துப்பட்டாவை இழுத்து, இரண்டு முனையையும் இடுப்பில் இறுக்கி முடிந்துவிட்டார்.

வழியெல்லாம் எனக்கு ஒரே குழப்பம். படம் பிடித்தவர்களிடம் எல்லாம் இன்னும் இருக்கிறது. காப்பாற்றப் போனவளிடம் இருந்தது மட்டும் கிணற்றில் போயிற்று. இது என்ன நியாயம் என்று ஒரு மனது கேட்டது. அவருக்குக் கையெட்டிய தூரத்தில் இருந்தது நான் மட்டும்தானே என்று இன்னொரு மனது சொன்னது. அவர் உண்மையிலேயே அதைக் கிணற்றில் போட்டாரா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் குழுவுக்காகப் பாதி எழுதி வைத்திருந்ததை அழித்தேன். என் கணவரிடம், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். ஏன் கேட்டார்களாம் என்றார். சொல்லத் தெரியவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை.

இப்போதும் தினமும் ஒரு கத்தி என்னோடு வருகிறது. குந்தாரப்பள்ளி சந்தைக்கும் போகிறேன். அந்த அக்காவோடு எப்போதாவது போனில் பேசுவேன். தக்காளி விலை, மகளின் படிப்பு, இரண்டும்தான் பெரும்பாலும். அந்த நாளை இருவரும் தொடுவதில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்கத்தான் முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தேன். “பேரு, ஊரு வேணாம். நான் கெடந்ததையும் எழுதாத. மத்தது உன் இஷ்டம்” என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஒருவரைச் சாவிலிருந்து இழுத்துவிட்டோம் என்பதற்காக அவருடைய அந்த நிமிடம் நமக்குச் சொந்தமாகிவிடுமா, அதைத் திருப்பிக் கொடுப்பதும் அந்த உதவியில்தான் சேருமா என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் சாலையில் யாராவது விழுந்து கிடந்தால், கை கொடுக்கப் போவதற்கு முன் சுற்றி நிற்பவர்களிடம் போனைக் கீழே இறக்குங்கள் என்று சொல்கிற பழக்கம் எனக்கு வந்திருக்கிறது.